தேதி சொல்லாமல் போன வெள்ளிக்கிழமை

தார்மோ பேச்சில் மகா கஞ்சன். பின்லாந்தில் அவன் பிறந்த ஹாமே பக்கத்து ஆட்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். காலையில் ஒருவர் "நேத்து மழை" என்றால் இன்னொருவர் சாயங்காலம் "ஆமா" என்பார். சொல்லிவிட்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று வருத்தமும் படுவார். அந்த ஊரிலேயே பேர் வாங்கினவன் தார்மோ. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குத் தலையைத்தான் ஆட்டினான். பாதிரியார் இன்னொரு முறை கேட்டு வாயைத் திறக்க வைக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு வாய்த்தவள் ரீக்கா, கிழக்கே சவோ பக்கத்துக்காரி. சவோக்காரர் பேசினால் பொறுப்பு கேட்டவர் தலையில் என்று பின்லாந்து முழுக்கச் சொல்வார்கள். எதையும் நேராகச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. காபி வேண்டுமா என்று ரீக்காவைக் கேட்டால், "குடிச்சாலும் குடிக்கலாம், குடிக்கலேன்னாலும் ஏரி ஒண்ணும் வத்திடாது, ஆனா போட்டது போட்டாச்சுன்னா வீணாக்குவானேன்" என்பாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்தப் பதிலில் காபி உண்டா இல்லையா என்று தார்மோ இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இந்த இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொள்வது வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை ஏழிலிருந்து எட்டு வரை, தம்பெரே நகரில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து நீராவிக் குளியலறையில், அதாவது சௌனாவில். மேல்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சுட்ட கல்லில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றி, ஆவி முதுகில் ஏறியதும் ரீக்காவின் பேச்சில் வளைவெல்லாம் நிமிர்ந்துவிடும், தார்மோவின் நாக்கில் பூட்டுத் திறந்துவிடும். ரீக்காவுக்குப் பழைய வேலை போனபோது அவள் அழுதது அங்கேதான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் போக பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னதும் அங்கேதான்.

கட்டடத்துக்கு சௌனா ஒன்று, குடும்பங்கள் முப்பதுக்கு மேல். ஆளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒரு முறை உன்னுடையது என்றால் நீ சாகும் வரைக்கும், அல்லது வீட்டை விற்கும் வரைக்கும் உன்னுடையது. வெள்ளி ஏழு மணி என்பது முறைகளில் ராஜா. அதற்காகத் தார்மோவும் ரீக்காவும் ஒன்பது வருஷம் வரிசையில் இருந்தார்கள். கோடையில் ஒரு மாதம் ஊருக்குப் போனால் அந்த நேரம் சும்மா கிடக்கும், வேறு யாராவது உட்கார்ந்துவிட்டுப் போனாலும் போகலாம். திரும்பி வந்தால் மறுபடியும் உன்னுடையது. இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. இதைக்கூடவா எழுதி வைப்பார்கள்?

தார்மோவின் வேலையும் இதே சங்கதிதான். இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் இருக்கிறான். முன்பெல்லாம் குடியிருப்பவர்கள் திரையில் பொத்தானை அழுத்தி சௌனா, துணி துவைக்கும் அறை, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். போன வசந்தத்தில் ஹெல்மி வந்தாள். ஹெல்மி என்பது பெண் பெயர், ஆள் இல்லை, ஏஐ. போனைத் திறந்து மனிதரிடம் பேசுவதுபோல் பேசினால் போதும், அவளே புரிந்துகொண்டு காரியத்தை முடித்துவிடுவாள். முடிப்பதற்கு அவள் கையில் கருவிகள் கொடுத்திருந்தார்கள். முறையைப் பதிவு செய்ய ஒன்று, நீக்க ஒன்று, கதவு பழுதென்றால் ஆளை அழைக்க ஒன்று, இப்படி இருபதுக்கு மேல். கருவிக்குள்ளே நிரல் என்ன செய்கிறது என்று ஹெல்மிக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கம் ஒட்டியிருக்கும். சமையலறையில் மூடிய டப்பாக்களின் மேல் சீட்டு ஒட்டி வைப்பதுபோல. அவள் அந்தச் சீட்டைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்வாள்.

சீட்டு எழுதும் வேலை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் அத்தனை வாயாடிகள் இருக்க, தார்மோவுக்குப் போனது.

"சௌனா முறையை நீக்கும்" என்று எழுதினான். ஒரு கருவி முடிந்தது.

கூட வேலை செய்யும் வில்யா அப்போதே கேட்டாள். "இவ்வளவுதானா?"

"அதைத்தானே செய்யுது."

"எப்படிச் செய்யுது, எப்போ செய்யுதுன்னு ஒண்ணும் வேண்டாமா?"

"நிரல்ல இருக்கு."

"அவ நிரலைப் படிக்கமாட்டாளே தார்மோ."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு அவன் காபி எடுக்கப் போனான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே அதுதான் நீளமான உரையாடல் என்பதால் வில்யாவும் விட்டுவிட்டாள்.

ஜூலையில் லீவு. வருஷா வருஷம்போல ரீக்காவின் அண்ணனுடைய ஏரிக்கரை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ரீக்கா பைகளில் துணியைத் திணித்துக்கொண்டே, மேஜை மேல் கிடந்த போனிடம் பேசினாள்.

"ஹெல்மி, நாங்க அண்ணன் வீட்டுப் பக்கம் கிளம்பினாலும் கிளம்புவோம் போல இருக்கு. இந்த வெள்ளிக்கிழமைன்னும் இல்ல, அடுத்த வெள்ளிக்கிழமைன்னும் இல்ல, எப்போ திரும்புவோம்னு யாரு கண்டா. எங்க சௌனா மணி நேரம் யாருக்கும் ஆகாம வீணாப் போறதுக்கு, வேணுங்கறவங்க யாராச்சும் எடுத்துக்கிட்டா நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம்."

"சரி ரீக்கா, நான் பாத்துக்கறேன். நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள் ஹெல்மி. பார்த்தும் கொண்டாள்.

அண்ணன் வீட்டிலும் சௌனா உண்டு. ஆனால் அங்கே அண்ணன், அண்ணி, அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று ஒரு படையே உள்ளே ஏறும், எல்லாரும் சவோக்காரர்கள். தார்மோ மூலையில் உட்கார்ந்து வியர்த்துவிட்டு வருவான். ஒரு மாதமும் அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது ஊருக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமையைத்தான்.

அந்த வெள்ளியும் வந்தது. ஆவியில் உடம்பைத் தட்டிக்கொள்ள ஏரிக்கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிர்ச் இலைக் கொத்து, இரண்டு துண்டு, ஆளுக்கு ஒரு பீர் என்று எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தால், பெஞ்சில் அவுலிஸ் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் ஒரு துண்டு, தலை சுடாமலிருக்கக் கம்பளித் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு.

அவுலிஸ் முதல் மாடியில் தனியாக இருப்பவர். ஐஸ் ஹாக்கி நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன ஊர் ஆட்டங்களில் விசில் ஊதியவர்தான் என்றாலும், ஊதிய விசிலை ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"வாங்க வாங்க, ஊர்லேர்ந்து வந்தாச்சா?" என்றார்.

தார்மோ கடிகாரத்தைப் பார்த்தான். "ஏழு."

"ஆமா, ஏழு."

"வெள்ளி."

"ஆமாம்பா, வெள்ளிதான். எனக்கு இப்போ வெள்ளி ஏழு மணி. ஹெல்மி கூப்பிட்டு, காலியாயிருக்கு, வரிசைல நீங்கதான் அடுத்து, வேணுமான்னு கேட்டா. நீங்க விட்டுட்டீங்கன்னதும் எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. இவ்வளவு நல்ல முறையை யாராவது விடுவாங்களான்னு நெனச்சேன். சரி, உங்க இஷ்டம்."

தார்மோவும் ரீக்காவும் துண்டோடு படியேறி வீட்டுக்கு வந்தார்கள். ரீக்கா ஹெல்மியைக் கேட்டாள். ஹெல்மி மிகவும் மரியாதையாக, முறை விட்டுக்கொடுக்கப்பட்டு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றும், அவுலிஸின் பழைய முறையான திங்கள் நாலு மணி காலியாக இருக்கிறது என்றும், வேண்டுமானால் பதிந்து தருவதாகவும் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?" என்றான் தார்மோ.

ரீக்கா தான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை. தார்மோ கேட்டுவிட்டு, சிரிக்கிற நேரம் இது இல்லை என்று தெரிந்தும் சிரித்தான்.

"பொறுப்பு கேட்டவ தலைல" என்றான்.

மற்ற நாளாக இருந்தால் ரீக்காவும் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் பீரைக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மறுநாள் திங்கள் நாலு மணியைப் பதிந்துகொண்டாள், இல்லாததற்கு இது என்று. திங்கள் நாலு மணிக்கு இரண்டு பேருமே வேலையில் இருப்பார்கள். மிச்சம் இருப்பது பொது முறைதான்: புதன்கிழமை பெண்களுக்கு, வியாழக்கிழமை ஆண்களுக்கு. சேர்ந்து உட்கார ஒரு நேரமும் இல்லை. அந்த வாரக் கடைசி முழுக்க வீட்டில் கரண்டி சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரீக்கா புளூபெர்ரி பை சுட்டு எடுத்துக்கொண்டு அவுலிஸ் வீட்டுக்குப் போனாள், முறையைத் திருப்பிக் கேட்க. இந்த வருஷம் பெர்ரி நன்றாகக் காய்த்திருப்பதையும், சில பொருள்கள் போன பிறகுதான் அருமை தெரிகிறது என்பதையும், திங்கள்கிழமைகூட ஒரு வகையில் நல்ல நாள்தான் என்று சிலர் சொல்வதையும் அவரிடம் விளக்கமாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பை பிரமாதம் என்று சொல்லித் தட்டைக் கழுவிக் கொடுத்தார். தட்டோடு வீடு வந்தாள்.

திங்கள்கிழமை தார்மோ ஆபீசில் வில்யாவிடம் ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னான். வில்யா ஹெல்மியின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஹெல்மி என்ன நினைத்தாள், எந்தக் கருவியை எடுத்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ரீக்காவின் வாக்கியம் இருந்தது. வில்யா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இவங்களை நான் நேர்ல பாக்கணும்" என்றாள். அதற்குக் கீழே ஹெல்மியின் யோசனை: இந்த வீட்டார் தங்கள் நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வதில் சம்மதம் என்கிறார்கள், தேதி எதுவும் சொல்லவில்லை, கருவிக்குத் தேதி கட்டாயம் இல்லை, சௌனா முறையை நீக்கும் கருவி இருக்கிறது, எடுக்கிறேன்.

"தேதி இல்லாம கூப்பிட்டா என்ன ஆகும்?" என்றாள் வில்யா.

"ஒரேயடியா போயிடும்."

"தேதி குடுத்தா?"

"அந்த ஒரு நாள் மட்டும்."

"இது எங்க எழுதியிருக்கு?"

திரையில் அவன் எழுதிய மூன்று சொற்கள், யானை தன் தலையில் தானே போட்டுக்கொண்ட மண்போல, அப்படியே இருந்தன.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு சொன்னியே, அந்த எல்லாரும் யாரு?" என்றாள் வில்யா. "ஹெல்மி எந்தக் கட்டடத்துல பொறந்தா? எந்த சௌனாவுல உக்காந்தா? கோடைக்கு ஊருக்குப் போறவன் முறையை விடறதில்லன்னு அவளுக்கு யாரு சொல்றது? உன் பொண்டாட்டி முப்பது வார்த்தைக்கு மேல சொன்னாங்க, ஒண்ணும் புரியல. நீ மூணு சொன்ன, அதுவும் புரியல. நடுவுல அந்தப் பொண்ணு என்ன செய்வா பாவம்."

பிறகு அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வேணும்னா உன் கைலதான் எல்லாம் இருக்கே. ஒரு வரியை மாத்தினா வெள்ளிக்கிழமை உன் பேருக்கு வந்துடும்."

தார்மோ திரும்பி, இவள் மனுஷிதானா என்று பார்த்தான். வரிசையில் நின்று வாங்கினவரிடமிருந்து பிடுங்குவதா? ஊர்ப் பாலத்தையே விற்றுத் தின்கிற அரசியல்வாதியைக்கூட அந்த ஊரில் மன்னிப்பார்கள், வரிசையில் முந்துகிறவனை மன்னிக்கமாட்டார்கள். "சும்மா சொன்னேன்ப்பா" என்றாள் வில்யா.

ஆக, ரீக்காவின் மேல் பழி இல்லை. இருந்தாலும் பாதிதான். வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்துச் சிரித்ததை நினைத்துத் தார்மோவுக்கு உள்ளுக்குள் கூசியது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானமாக வீட்டுக்குப் போனான். சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னான்.

"விளக்கம் சின்னது."

ரீக்கா நிமிர்ந்தாள். "எது?"

"நான் எழுதினது. அதனாலதான்."

"எதனால?"

"சௌனா."

ரீக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "விடு தார்மோ, அதைப் பத்தி இனிமே பேசி என்ன. உனக்கென்ன, ஆவி கெடச்சா போதும்னா வியாழக்கிழமை ஆம்பளைங்க கூட்டத்தோட போய் உக்காந்துக்கலாம். யாரும் பேசமாட்டாங்க, உனக்கும் தோதா இருக்கும்."

தப்பு என்னுடையது என்று சொல்ல வந்தவனுக்கு, இது வேறு ஏதோ தப்பாகப் போகிறது என்பது மட்டும் புரிந்தது. என்ன என்று பிடிபடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராக முதல் மாடிக்கு இறங்கி அவுலிஸின் கதவைத் தட்டினான்.

"வெள்ளி ஏழு" என்றான்.

"ஆமா."

"நல்ல நேரம்."

"ரொம்ப நல்ல நேரம்" என்றார் அவுலிஸ்.

தார்மோ தலையாட்டினான், அவரும் ஆட்டினார். வந்த வழியே திரும்பினான். தன் கணக்கில் அவன் கெஞ்சிவிட்டுத்தான் வந்திருந்தான்.

புதன்கிழமை காலையில் வில்யா அவனை உட்கார வைத்து, தான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "எழுது" என்றாள்.

"சௌனா முறையை நிரந்தரமாகவோ ஒரு நாளுக்கோ நீக்கும்" என்று எழுதினான். வில்யா பெருமூச்சு விட்டாள்.

"சரி, நீ எழுதாத. நான் கேக்கறேன், நீ சொல்லு, நான் எழுதிக்கறேன். நான் ஒண்ணும் தெரியாதவ. நேத்துதான் இந்த ஊருக்கு வந்தேன். முறைன்னா என்ன?"

"வாரத்துல ஒரு மணி நேரம். ஒரு வீட்டுக்கு."

"யாரு குடுக்கறா?"

"வரிசைப்படி வரும். வருஷக்கணக்குல காத்திருக்கணும்."

"இந்தக் கருவியை எடுத்தா என்ன ஆகும்?"

"தேதி குடுத்தா அன்னைக்கு மட்டும் காலியாகும், அடுத்த வாரம் மறுபடி அவங்களுது. தேதி குடுக்கலேன்னா ஒரேயடியா போயிடும்."

"போனா திரும்பி வருமா?"

"வராது. உடனே அடுத்தவருக்குப் போயிடும். இவங்க வரிசைக்குக் கடைசில நிக்கணும்."

"எப்போ எடுக்கணும்?"

"வீட்டை விக்கறாங்க, இல்ல இனிமே வேண்டவே வேண்டாம்னு அவங்க வாயால சொல்றாங்க, அப்போதான் தேதி இல்லாம."

"எப்போ எடுக்கக் கூடாது?"

தார்மோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். வில்யா அவசரப்படுத்தவில்லை, காபியை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஊருக்குப் போறாங்கன்னா எடுக்கக் கூடாது" என்றான் மெதுவாக. "ஒடம்பு சரியில்ல, வேலை ஜாஸ்தி, சண்டை, எதுன்னாலும் எடுக்கக் கூடாது. யாராவது உக்காந்துக்கட்டும்னு சொன்னா, அது அந்த வாரத்துக்கு மட்டும்தான். சந்தேகம் இருந்தா கேக்கணும். எந்தத் தேதின்னு கேக்கணும். அவங்க சுத்தி வளைச்சாங்கன்னா மறுபடியும் கேக்கணும். இது இல்லாமப் போனா அந்த வீட்டுல என்ன போகும்னு வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. அதனால கேக்காம எடுக்கக் கூடாது."

வில்யா தட்டச்சு செய்வதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு கடைசி இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதினாள். "இது ஹெல்மிக்குத் தேவையான்னு தெரியல," என்றாள், "ஆனா இருக்கட்டும்."

ரீக்காவின் வாக்கியத்தை எழுத்து மாறாமல் ஹெல்மியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெல்மி எந்தக் கருவியையும் தொடவில்லை. நீங்கள் ஊரில் இல்லாத வெள்ளிக்கிழமைகளை மட்டும் காலியாக்கட்டுமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உங்கள் முறை உங்களுடையதாகவே இருக்கும், என்று கேட்டாள். வில்யா கை தட்டினாள். தார்மோவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் கூச்சமாகத்தான் இருந்தது. மிச்சம் இருந்த கருவிகளை அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எல்லாவற்றிலும் இரண்டு சொல், மூன்று சொல். சாயங்காலம் வரை உட்கார்ந்து, என்ன செய்யும், எப்போது, எப்போது கூடாது, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டே இருந்தான். பாதியில் நிமிர்ந்து யோசித்தபோதுதான் தோன்றியது, அவுலிஸிடம் தான் எதையுமே கேட்கவில்லை என்று.

அன்று மாலை மறுபடியும் முதல் மாடிக் கதவைத் தட்டினான். அவுலிஸ் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டியோடு வந்து கதவைத் திறந்தவர், இவனைப் பார்த்ததும், "ஏழு மணிதானே, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"இல்ல. நான் விளக்கமா சொல்றேன்" என்றான் தார்மோ. வாசலிலேயே நின்று, ஒண்ணும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தான்.

"நாங்க முறையை விடல. ஊருக்குப் போனோம், அவ்வளவுதான். ரீக்கா அதைத்தான் சொன்னா. நான் ஒரு விளக்கம் எழுதணும், ஒழுங்கா எழுதல. அதனால ஹெல்மி தப்பாப் புரிஞ்சுகிட்டா. தப்பு என்னோடது, ரீக்காவோடது இல்ல. நீங்க வரிசைல வந்து வாங்கினீங்க, அது உங்களுது. நான் பிடுங்க வரல. மாத்திக்கக் கேக்க வந்திருக்கேன். எங்ககிட்ட உங்க பழைய திங்கள் நாலு மணி இருக்கு."

அவுலிஸ் கரண்டியை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குன்னா, எனக்குப் பேச வராது. அது உங்களுக்குத் தெரியும். வீட்டுல அவ பேசறது எனக்குப் பாதி புரியாது. நான் பேசறது இல்லவே இல்ல. கீழ அந்த ஒரு மணி நேரம் மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் புரியுது. மத்த நாளெல்லாம் நான் அதை நெனச்சுத்தான் ஓட்டறேன். அவன்னா எனக்கு உசுரு. அதைச் சொல்ல எனக்குத் தெரியல. அங்க பக்கத்துல உக்காந்தா சொன்ன மாதிரி இருக்கு. இப்போ ஒரு மாசத்துக்கு மேல அது இல்ல. அவ எங்கிட்டேர்ந்து தூரமாப் போயிட்டா மாதிரி இருக்கு, எனக்கு பயமா இருக்கு. நீங்க முடியாதுன்னா சரி, வேற ஏதாவது பாக்கறேன். ஆனா கேக்காம இருக்கக் கூடாதுன்னு வந்தேன்."

மீன் கருகும் வாசனை வந்தது. அவுலிஸ் உள்ளே ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"ஏம்பா, இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார். "உன் வீட்டுக்காரி வந்தா, பை குடுத்தா, பெர்ரியைப் பத்திப் பேசினா, போயிட்டா. நீ வந்த, நல்ல நேரம்னு சொன்ன, போயிட்ட. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கு ஒருதரம் வந்து வாழ்த்திட்டுப் போறாங்களே, எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

தார்மோ அசடு வழிந்தான்.

"ஊதின விசிலை நான் திரும்ப வாங்கறதில்ல" என்றார் அவுலிஸ். "இந்த மாசம் என்னுது. அனுபவிச்சுத்தான் ஆகணும், எத்தனை வருஷம் காத்திருந்தேன். அடுத்த மாசம் ஹாக்கி ஆரம்பிச்சுடும். வெள்ளி சாயங்காலம் ஆட்டம் பாக்கறதை விட்டுட்டு நான் எதுக்குக் கீழ போய் வேகணும்? அப்போ மாத்திக்கலாம். எனக்கு திங்கள்தான் சௌகரியம். ஹெல்மி கூப்பிட்டுக் கேட்டாளேன்னு வாங்கினேன். வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

தார்மோ அவர் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினான். அவன் வரைக்கும் அது கட்டிப்பிடித்து அழுததற்குச் சமானம். கதவு மூடியது. திரும்பினால், படிக்கட்டுத் திருப்பத்தில் ரீக்கா நிற்கிறாள், இடுப்பில் துவைத்த துணிக் கூடையோடு. துணி துவைக்கும் அறையிலிருந்து ஏறி வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அந்தப் படிக்கட்டில் இருமினால்கூட நாலாவது மாடிக்குக் கேட்கும்.

"அடுத்த மாசம் கெடச்சுடும்" என்றான் தார்மோ.

"கேட்டுது."

"தப்பு என்னோடது."

"அதுவும் கேட்டுது." அவள் கூடையைப் படியில் இறக்கி வைத்தாள். "அதுக்கப்புறம் சொன்னியே, அதை ஏன் என்கிட்ட சொன்னதில்ல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ரீக்கா அவனை நேராகப் பார்த்தாள். சவோவில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் இந்தத் தடவை பேச்சை வளைக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியாது தார்மோ" என்றாள்.

தார்மோ படியிறங்கி வந்து அவள் பக்கத்தில், ஈரத் துணிக்கு இந்தப் புறமாக உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். வெறும் சிமெண்ட் படி, சில்லென்று இருந்தது. யாரோ மேலே கதவைத் திறந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று திரும்ப மூடிக்கொண்டார்கள்.

"சொல்லு" என்றாள் ரீக்கா. "முதல்லேர்ந்து சொல்லு. அவர்கிட்ட சொன்ன மாதிரியே."

தார்மோ தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தான்.